கவிதைக்குப் பதில் எழுதுவது எப்படி

கோவில்பட்டியில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று பகல் போய்விடும். கடை அடைத்த பிறகு ஒரு வாட்ஸாப் கவிதைக் குழுவைப் பார்த்துக்கொள்கிறேன். அதில் அரசுப் பேருந்து நடத்துநர் ஒருவர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், ரியாத்தில் எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கும் ஒரு தம்பி, நர்சிங் படிக்கும் ஒரு பெண், இன்னும் சிலர் இருக்கிறார்கள். யாரும் புத்தகம் போட்டவர்கள் இல்லை. எல்லோருக்கும் எழுத ஆசை. எழுதியதை யாராவது ஒழுங்காகப் படிக்க வேண்டும் என்ற ஆசை அதைவிடப் பெரிது.

இந்த இரண்டாவது ஆசைதான் இணையத்தில் லேசில் நிறைவேறுவதில்லை. கவிதை போட்ட அரை நிமிடத்தில் கைதட்டும் படம், 'அருமை', 'செம', 'வாழ்த்துகள் கவிஞரே' எல்லாம் வந்துவிடும். எழுதியவருக்கு அன்றைக்குச் சந்தோஷம்தான். ஆனால் அடுத்த கவிதையை எழுத உட்காரும்போது அந்தப் பாராட்டில் ஒன்றும் உதவாது. எந்த வரி நின்றது, எந்த வரி விழுந்தது என்று அவருக்குத் தெரியாது. நல்ல பதில் எழுதுவதும் கவிதை எழுதுவது போலவே பழகினால் வருகிற வேலை. அதை எப்படிப் பழகலாம் என்று எங்கள் குழுவில் நடப்பதை வைத்துச் சொல்கிறேன்.

போடுவதற்கு முன்

முதலில் எழுத்து. கவிதையைப் படமாகப் போடாதீர்கள். ரோஜாப்பூ, சூரிய உதயம், மூலையில் உங்கள் போட்டோ, நடுவில் மஞ்சள் எழுத்தில் கவிதை என்று வரும் படத்தைப் பார்க்கலாம், ஆனால் அதிலிருந்து ஒரு வரியை எடுத்துக் காட்டிப் பேச முடியாது. வெறும் எழுத்தாகப் போட்டால்தான் படிப்பவர் ஒரு வரியை நகல் எடுத்து 'இந்த இடம்' என்று சுட்ட முடியும். பழைய ஆட்கள் சிலர் கம்ப்யூட்டரில் பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருப்பார்கள். அதை அப்படியே போனில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கொட்டும். எல்லாப் போனிலும் தெரியும் யூனிகோடு எழுத்துக்கு மாற்றிவிட்டுப் போடுங்கள். பக்கத்தில் இருக்கும் எந்த டிடிபி கடையிலும் இரண்டு நிமிடத்தில் செய்து தருவார்கள்.

வரி உடைவது கவிதையில் முக்கியம். போன் திரையின் அகலத்துக்கு ஏற்ப நீளமான வரி தானாக மடங்கி, நீங்கள் உடைக்காத இடத்தில் உடைந்து நிற்கும். போட்டதும் ஒருமுறை திறந்து பாருங்கள். வாட்ஸாப்பில் அனுப்பிய செய்தியைப் பதினைந்து நிமிடத்துக்குள் திருத்த முடியும், அந்த நேரம் இதற்குத்தான். இன்னொன்று, கவிதைக்குக் கீழே சிறு கோடு போட்டு, இடம் விட்டுப் பெயர் எழுதினால் வாட்ஸாப் அந்தக் கோட்டைப் புள்ளியாக மாற்றிவிடும். கோடு இல்லாமல் பெயரை மட்டும் எழுதுங்கள்.

போனின் விசைப்பலகை தானே வார்த்தை எடுத்துக் கொடுக்கும்போது ன-ண, ல-ள-ழ, ர-ற மாறிவிடும். பள்ளி பல்லியாகும், மரம் மறமாகும். பிழையோடு வந்த கவிதைக்கு வரும் பதிலெல்லாம் பிழையைப் பற்றியே இருக்கும், கவிதைக்கு யாரும் போக மாட்டார்கள். அதனால் போடும் முன் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் பெரும்பாலும் கண் தவறவிட்ட பிழை இருக்கும்.

அப்புறம், கவிதைக்குக் கீழே ஒரு கேள்வி. எங்கள் குழுவில் இது கட்டாயம். 'எப்படி இருக்கிறது?' என்று கேட்டால் 'நன்றாக இருக்கிறது' என்றுதான் பதில் வரும். 'மூன்றாம் வரியில் பேசுவது யார் என்று புரிகிறதா?', 'கடைசி இரண்டு வரி வேண்டுமா?' என்று கேளுங்கள். கேள்வி எவ்வளவு சின்னதோ பதில் அவ்வளவு உருப்படியாக வரும். கவிதைக்கு முன்னால் விளக்கவுரை மட்டும் வேண்டாம். 'என் தோழியின் துயரத்தைப் பார்த்து எழுதியது' என்று தொடங்கிவிட்டால், துயரம் கவிதைக்குள் இருக்கிறதா அல்லது விளக்கத்தில்தான் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாமல் போகும்.

பதில் எழுதும்போது

கவிதை வந்ததும் பதில் போடாதீர்கள். முதலில் வாய்விட்டுப் படியுங்கள், சத்தம் போட்டு. கம்பன் பாட்டில் தோய்ந்த ரசிகர் ரசிகமணி டி.கே.சி. திருநெல்வேலியில் இருந்தபோது, அவர் வீட்டில் வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டத்தில் நண்பர்கள் கூடிக் கவிதை கேட்பார்கள். ஒரே பாட்டை அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டுவாராம். பாட்டு காதில் விழுந்த பிறகுதான் மற்றதெல்லாம். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது பாட்டன் சொத்து, அதை விட்டுவிடக் கூடாது. நேரம் இருந்தால் அந்தக் கவிதையை நீங்களே படித்துக் குரல் பதிவாக எழுதியவருக்கு அனுப்புங்கள். தன் கவிதையை இன்னொருவர் வாயில் கேட்கும்போது, எங்கே மூச்சு முட்டுகிறது, எங்கே வேண்டாத அழுத்தம் விழுகிறது என்று எழுதியவருக்கே தெரிந்துவிடும். ரியாத் தம்பி இரவு வேலை முடிந்து வந்து இப்படிப் படித்து அனுப்புவார். நீளமாக விமர்சனம் எழுதுபவர்களைவிட அவருடைய குரலால் திருந்திய கவிதைகள்தான் எங்கள் குழுவில் அதிகம்.

படித்த பிறகு மூன்று விஷயம் எழுதலாம். எந்த வரி உங்களோடு தங்கியது. எந்த இடத்தில் நின்றுவிட்டீர்கள். என்ன கேட்கத் தோன்றுகிறது. இந்த மூன்றில் கேள்விதான் உயிர். அதற்கு ஓர் உதாரணம். எழுதிய பெண்ணிடம் அனுமதி வாங்கித்தான் தருகிறேன்.

தீப்பெட்டி ஒட்டும்
அம்மாவின் விரல்களில்
பசை காய்ந்து
இன்னொரு தோல்.
என் மதிப்பெண் அட்டையில்
அவள் ரேகை.
வறுமை கொடியது.

எங்கள் ஊரைச் சுற்றி இருப்பவர்களுக்கு இது எந்த வீடு என்று உடனே தெரியும். தீப்பெட்டி ஆபீஸில் இருந்து அட்டை வாங்கி வந்து வீட்டிலேயே பெட்டி ஒட்டும் வீடு. குழுவில் கைதட்டல் குவிந்தது. ஒருவர் 'கடைசி வரியை எடுத்துவிடலாம், ஏற்கெனவே சொன்னதையே சொல்கிறது' என்றார். நியாயமான திருத்தம். நர்சிங் படிக்கும் பெண் மட்டும் இப்படிக் கேட்டாள்: 'இன்னொரு தோல் என்ற இடம் மனசில் நிற்கிறது அக்கா. ஆனால் விரலில் பசை காய்ந்து கிடந்தால் ரேகை எப்படிப் பதிந்தது?'

எழுதியவள் அன்று பதில் போடவில்லை. மறுநாள் எழுதினாள்: 'பதியவில்லை. வாத்தியார் திரும்ப வைக்கச் சொன்னார். அதை எழுதத் தோன்றவில்லை.' அதைத்தான் எழுத வேண்டும் என்று நாங்கள் யாரும் சொல்லத் தேவைப்படவில்லை. இரண்டாவது வடிவம் தானாக வந்தது.

தீப்பெட்டி ஒட்டும்
அம்மாவின் விரல்களில்
பசை காய்ந்து
இன்னொரு தோல்.
மதிப்பெண் அட்டையில்
கைநாட்டு வைத்தாள்.
ரேகை விழவில்லை.
வாத்தியார்
மறுபடி வைக்கச் சொன்னார்.

முதல் வடிவத்தில் கடைசி வரியை வெட்டியிருந்தால் சுமாரான கவிதை கொஞ்சம் சுத்தமாகியிருக்கும், அவ்வளவுதான். கேள்வி கேட்டதால் உள்ளே அமுங்கிக் கிடந்த கவிதை வெளியே வந்தது. அதனால் புதிதாகச் சேருபவர்களிடம் நான் சொல்வது இது: திருத்தம் சொல்லும் முன் ஒரு கேள்வி கேளுங்கள். அதிலும், உண்மையாகவே உங்களுக்கு விடை தெரியாத கேள்வியாக இருக்கட்டும். 'இதை இன்னும் சிறப்பாக எழுதியிருக்கலாமே?' என்பது கேள்விக்குறி போட்ட குறை. 'அந்தப் பெட்டியில் என்ன படம் ஒட்டியிருந்தது?' என்பது கேள்வி.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. மற்றவர் கவிதையை நீங்கள் எழுதிக் காட்டாதீர்கள். 'நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்' என்று முழுதாக மாற்றிப் போடுவது நம் ஆட்களிடம் அதிகம். அது உதவி போலத் தெரியும், ஆனால் எழுதியவர் தன் கவிதை மேல் உரிமை விட்டுப்போனது போல ஒதுங்கிவிடுவார். ஒரு சொல்லுக்கு மாற்றுச் சொல் சொல்லலாம். ஒரு வரியை எங்கே உடைக்கலாம் என்று காட்டலாம். அதோடு நிறுத்துங்கள். இதற்கு ஒரு விலக்கு மரபுக்கவிதை. அதற்குக் கீழே வருகிறேன்.

கருத்தோடு உடன்பாடு இல்லாதபோது என்ன செய்வது? சாதி, மதம், கட்சி, குடும்பம் என்று கவிதை எதையும் தொடும். நான் வைத்திருக்கும் வழி: முதலில் கவிதை அதைச் சொல்லும் விதத்தைப் பற்றி எழுதிவிடுங்கள், கருத்தைப் பற்றிய பேச்சைத் தனிச் செய்தியில் வைத்துக்கொள்ளுங்கள். யாரையாவது இழிவு செய்யும் கவிதை என்றால் இந்த மரியாதை தேவையில்லை. அதை அப்போதே, பொதுவிலேயே, பெயர் சொல்லி மறுக்க வேண்டும். சும்மா இருந்தால் குழுவில் இருக்கும் இன்னொருவர் மனம் புண்பட்டுச் சத்தமில்லாமல் வெளியேறிவிடுவார்.

இழவு வீட்டில் இருந்து வரும் கவிதையும் உண்டு. அப்பா இறந்த மூன்றாம் நாள் ஒருவர் எழுதிப் போடுகிறார். அங்கே வரி உடைவு பேசக் கூடாது. 'படித்தேன், உங்களோடு இருக்கிறேன்' என்று எழுதுங்கள். பிறகு ஒருநாள் அவரே 'இதைச் சரிசெய்ய வேண்டும்' என்று கொண்டு வருவார். அன்றைக்குப் பேசலாம்.

ஈற்றடி கொடுத்துப் பழகுதல்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் குழுவில் ஈற்றடி நாள். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒரு வெண்பாவின் கடைசி அடியை மட்டும் கொடுப்பார். மற்றவர்கள் முன்னடிகளைக் கட்டி வர வேண்டும். இது நம் மொழியில் ரொம்பப் பழைய விளையாட்டு. காளமேகப் புலவர் கேட்டவர் கொடுத்த முடிவுக்கெல்லாம் பாடினார் என்று எத்தனையோ கதை உண்டு. இரட்டைப்புலவர்கள் இன்னும் நெருக்கம். ஒருவருக்குக் கண் தெரியாது, ஒருவருக்குக் கால் நடக்காது. ஒருவர் பாட்டை ஆரம்பிப்பார், மற்றவர் முடிப்பார் என்று சொல்வார்கள். அந்த ஆட்டத்தைத்தான் கோவில்பட்டிக்கும் ரியாத்துக்கும் நடுவே வைத்து ஆடுகிறோம்.

புதுக்கவிதை மட்டும் எழுதுபவர்களும் இதில் கலந்துகொள்ளுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். எல்லோரும் ஒரே முடிவுக்கு எழுதும்போது ஒப்பிட்டுப் பேசுவது சுலபம், பொறாமைக்கும் இடம் குறைவு. தவிர, வெண்பாவில் பிழை என்பது ரசனை சார்ந்தது இல்லை. ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் கட்டுக்குத் தளை என்று பெயர். தளை தட்டினால் தட்டியதுதான். பதில் சொல்லக் கூச்சப்படுபவர்கள் இங்கே தைரியமாகப் பேசப் பழகலாம்.

விதி கொஞ்சம்தான். ஒலித்துண்டு அசை. தனிக் குறிலோ தனி நெடிலோ நேர், இரண்டு குறிலோ குறிலும் நெடிலுமோ சேர்ந்தால் நிரை, பின்னால் ஒற்று வந்தாலும் அப்படித்தான். அசை சேர்ந்தது சீர். இரண்டு அசைச் சீர் நேரில் முடிந்தால் மா, நிரையில் முடிந்தால் விளம். மூன்று அசைச் சீர் நேரில் முடிந்தால் காய், நிரையில் முடிந்தால் கனி. மாச்சீருக்குப் பின் நிரை வர வேண்டும், விளச்சீருக்கும் காய்ச்சீருக்கும் பின் நேர் வர வேண்டும். கனிச்சீர் கூடாது. கடைசி அடியில் மூன்று சீர், மற்ற அடிகளில் நான்கு. கடைசிச் சீர் 'நாள்', 'மலர்', 'காசு', 'பிறப்பு' என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்றின் ஓசையில் முடிய வேண்டும். புதியவர்கள் நான்கு அடி நேரிசை வெண்பாவில் இறங்காமல் இரண்டு அடிக் குறள் வெண்பாவில் தொடங்குவது நல்லது. 'குடையோடு கூடைப்பூ கொண்டு' என்பது ஒரு வாரம் ஆசிரியர் கொடுத்த ஈற்றடி. நடத்துநர் இரவு டூட்டி முடிந்து எழுதினார்:

கடைசி வண்டியும் போனபின் பாட்டி
குடையோடு கூடைப்பூ கொண்டு.

படித்ததும் காட்சி தெரிகிறது. பூ விற்று முடியாமல் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் பாட்டி. எழுதியவர் தினமும் பார்க்கும் ஆள்தான். நான் கேட்டேன்: 'தம்பி, பாட்டி என்ன செய்கிறாள்? வினையே இல்லையே?' ஆசிரியர் வேறொன்று சொன்னார்: '"கடைசி" என்பது புளிமா, மாச்சீர். அதன் பின் நிரை வர வேண்டும். "வண்டியும்" நேரில் தொடங்குகிறது. முதல் அடியிலேயே தட்டுகிறது.' நடத்துநர் இரண்டையும் சேர்த்து யோசித்திருக்கிறார். இரண்டு சீரை ஒரே சீராக்கினால் தளையும் சரியாகும், வினைக்கும் இடம் கிடைக்கும்:

கடைசிவண்டி போனபின் காத்திருக்கும் பாட்டி
குடையோடு கூடைப்பூ கொண்டு.

'கடைசிவண்டி' இப்போது கருவிளங்காய், காய்ச்சீர். அடுத்து 'போனபின்' நேரில் தொடங்குகிறது, பொருந்திவிட்டது. முதல் சீரும் மூன்றாம் சீரும் முதலெழுத்து ஒத்து மோனையில் சேர்ந்துவிட்டன. எனக்கு இதில் பிடித்தது வேறு. வண்டி போன பிறகும் ஏன் காத்திருக்கிறாள் என்ற கேள்வி முதல் வடிவத்தில் இல்லை. இலக்கணத்தைச் சரிசெய்யப் போன இடத்தில் அது வந்து உட்கார்ந்துவிட்டது. மரபில் எழுதுபவர்களுக்கு இது அடிக்கடி கிடைக்கும் பரிசு.

இப்படித் தளை தட்டும் இடத்தில் மட்டும், மாற்றுச் சீரை எழுதியே காட்டலாம் என்று எங்களுக்குள் ஒப்பந்தம். நான் மேலே சொன்ன விலக்கு இதுதான்.

சீர் பிரித்துப் பார்க்க அவலோகிதம் என்ற யாப்பு மென்பொருள் இருக்கிறது. பாட்டை ஒட்டினால் அசை, சீர், தளை எல்லாம் பிரித்துக் காட்டி எந்தப் பா என்றும் சொல்லும். தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் முதலில் விரல் விட்டு நீங்களே பிரித்துப் பாருங்கள், பிறகு அதில் சரிபாருங்கள். கருவியில் பச்சை விளக்கு வாங்குவதற்காகவே பொருளில்லாத சொல்லைத் திணித்து வரும் வெண்பா எனக்குப் பிடிக்காது. தளை சரியாக இருந்து பாட்டி இல்லாமல் போனால் என்ன பயன்?

குழுவைப் பார்த்துக்கொள்பவருக்கு

ஆள் எண்ணிக்கையைக் குறைவாக வையுங்கள். எல்லோரும் எல்லோர் கவிதையையும் ஒரு வாரத்தில் படித்துவிட முடிகிற அளவே போதும். காலை வணக்கம், பண்டிகைப் படம், ஃபார்வர்டு செய்தி எதுவும் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கோபப்படுவார்கள், பரவாயில்லை. ஒரு கவிதை போடும் முன் இரண்டு பேருக்காவது பதில் எழுதியிருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. போட்டுவிட்டு ஓடுபவர்கள் இதில் தானாக வடிந்துவிடுவார்கள்.

பதில் வராத கவிதையைத் தேடிப் பிடியுங்கள். மற்ற வேலை எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். புதிதாகச் சேர்ந்தவர் முதல் கவிதை போட்டு ஒருநாள் முழுக்க யாரும் பேசாவிட்டால் அவர் இரண்டாவது கவிதை போட மாட்டார். இரவு படுக்கும் முன் மேலே தள்ளிப் பார்த்து, தனியாகக் கிடக்கும் கவிதைக்கு ஒரு கேள்வி எழுதிவிட்டுத்தான் போனை வைப்பேன்.

பெயர் இல்லாமல் கவிதையை வெளியே அனுப்பக் கூடாது. 'படித்ததில் பிடித்தது' என்று போட்டு எழுதியவர் பெயரை விழுங்கிவிடுவது ஒரு நோய் மாதிரி பரவியிருக்கிறது. எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை எழுதியவருக்குத்தான். 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்குப் பதிவு எதுவும் தேவையில்லை. இருந்தாலும் வரைவுகளைத் தேதியோடு வைத்திருப்பது நல்லது. பத்திரிகைக்கு அனுப்ப நினைக்கும் கவிதையைப் பொதுவெளியில் போடும் முன் யோசியுங்கள். வேறெங்கும் வெளிவராததைத்தான் பல இதழ்கள் கேட்கும். அந்த மாதிரிக் கவிதையை இரண்டு மூன்று பேருக்குத் தனியாக அனுப்பிப் பதில் வாங்கிக்கொள்வது பாதுகாப்பு.

சண்டை வரும். பெரும்பாலும் பதில் சொன்ன விதத்தால் வரும். எழுத்தில் குரல் தெரியாது, 'இது கவிதையா?' என்று ஒருவர் நிஜமாகவே சந்தேகம் கேட்டாலும் அடித்தது போல விழும். இரண்டு பேரையும் குரல் பதிவில் பேசச் சொல்லுங்கள், பாதி அங்கேயே தணிந்துவிடும். மிச்சம் தணியாவிட்டால் தனித்தனியாகப் போன் செய்யுங்கள். குழுவில் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

சிறு புத்தகம்

வருடக் கடைசியில் எங்கள் குழுக் கவிதைகளை ஒரு சிறு புத்தகமாகக் கட்டுகிறோம். செலவு அதிகம் இல்லை. ஏ4 தாளை நடுவில் மடித்தால் ஏ5 அளவில் நான்கு பக்கம் கிடைக்கும், எட்டுத் தாளில் முப்பத்திரண்டு பக்கம். நடுவில் இரண்டு பின் அடித்தால் போதும். பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக வர வேண்டும், அதைப் பார்த்துக் கவிதைகளைத் தேர்ந்தெடுங்கள். ஒரு கவிதை ஒரு பக்கத்துக்குள் அடங்கட்டும். பக்கம் திருப்பும்போது மூச்சு அறுந்துவிடும்.

முடிந்தால் முதல் வடிவத்தை இடது பக்கத்திலும் கடைசி வடிவத்தை வலது பக்கத்திலும் போடுங்கள், கீழே சின்ன எழுத்தில் அதை மாற்றிய கேள்வியையும் கேட்டவர் பெயரையும். எழுதியவர் சம்மதம் இல்லாமல் முதல் வடிவத்தைப் போடக் கூடாது. அச்சுக்குக் கொடுக்கும் முன் பிழைதிருத்தப் பிரதியை எழுதியவருக்கே அனுப்பி, 'சரி' என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வெளியூரில் இருப்பவர்களுக்கு அஞ்சலில் போகும். ரியாத்துக்கு ஊருக்கு வந்து திரும்பும் யாராவது கையில் கொடுத்தனுப்பலாம். ஆளுக்கு ஒன்று போக நாலைந்து பிரதி கூடுதலாக அடியுங்கள், வீட்டில் இருப்பவர்கள் கேட்பார்கள்.